டீசல் ஏறினால் லாரிக்காரருக்கு என்ன ஆகும்? வடசென்னை ஓட்டுநர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாதவரம் லாரி நிலையம், மணலி கண்டெய்னர் யார்டுகள், சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் வரிசை, செங்குன்றம் தாண்டிய டீக்கடைகள் என்று எங்கே நின்றாலும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை விட்டிருக்கிறோம். டீசல் விலை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் முடிந்தவரை லிட்டரில் கணக்குச் சொல்லியிருக்கிறோம். விலை தேவைப்பட்ட இடங்களில் லிட்டர் 92 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்திருக்கிறோம். உங்கள் ஊரின் இன்றைய விலையைப் போட்டுப் பாருங்கள்.

1. டீசல் ஏறுனா ஓனருக்குதானே நஷ்டம்? டிரைவருக்கு இன்னா வந்துச்சு?

பங்க்கில் பில் கட்டுவது ஓனர்தான். ஆனால் அந்தச் சுமை அங்கேயே நிற்பதில்லை. லோடு கொடுக்கும் பார்ட்டி வாடகையை உடனே ஏற்றித் தரமாட்டார். ஓனரும் கைக்காசை விடமாட்டார். மிச்சம் இருப்பது ஓட்டுநர் கணக்கு ஒன்றுதான். "லோடோட லிட்டருக்கு மூணரை கிலோமீட்டர் குடுக்கணும்" என்று இருந்த மைலேஜ் திடீரென மூணே முக்கால் ஆகும். குறைந்த லிட்டருக்குக் காசு படியில் பிடிக்கப்படும். கிளீனர் வேண்டாம், ஒற்றை ஆளாகப் போ என்பார்கள். ரிட்டர்ன் லோடு கிடைக்கும்வரை வெளியூரில் இரண்டு நாள் படுத்துக் கிடக்கச் சொல்வார்கள், அந்த நாட்களுக்குப் படி இருக்காது.

அதாவது, டீசல் விலை ஓட்டுநரிடம் விலையாக வராது. மைலேஜ் பிடித்தமாகவும், காத்திருக்கும் மணி நேரமாகவும் வரும். இந்த இரண்டையும் எழுத்தில் வைத்திருப்பவருக்குத்தான் பேச இடம் உண்டு. கீழே வரும் பதில்களில் பாதி அதைப் பற்றியதுதான்.

2. லிட்டருக்கு ஒரு ரூபா ஏறுனா ஒரு டிரிப்புக்கு எவ்ளோ கூடும்?

துறைமுகத்திலிருந்து பெங்களூருக்கு 40 அடி கண்டெய்னர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழி சுமார் 350 கி.மீ. லோடோடு லிட்டருக்கு 3.5 கி.மீ. என்றால் 100 லிட்டர். எம்டி (காலி) கண்டெய்னரோடு திரும்பும்போது லிட்டருக்கு 5 கி.மீ. என்றால் 70 லிட்டர். மொத்தம் 170. ஆகவே ஒரு ரூபாய் ஏறினால் டிரிப்புக்கு 170 ரூபாய். மாதம் எட்டு டிரிப் அடிக்கும் வண்டிக்கு 1,360 ரூபாய்.

கொல்கத்தா லைன் என்றால் ஒரு வழி சுமார் 1,650 கி.மீ. 12 சக்கர டாரஸ் லிட்டருக்கு 4 கி.மீ. கொடுத்தால் 412 லிட்டர். ஐந்து ரூபாய் ஏறினால் போக மட்டும் 2,060 ரூபாய் கூடும். போக வர ஓட்டுநருக்குக் கையில் நிற்கும் படியோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், முதல் கேள்விக்குச் சொன்ன பதில் ஏன் என்று புரியும்.

3. சுத்திகரிப்பு ஆலையே நம்ம மணலியிலதான் இருக்கு. அப்புறம் ஏன் நமக்கு சல்லிசா கிடைக்கல?

மணலி சி.பி.சி.எல். ஆலையிலிருந்து பங்க்குக்கு வரும் தூரம் விலையில் சில காசுகளைத்தான் மாற்றும். ஆலை வாயிலில் டீசலுக்கு வைக்கும் விலையே சர்வதேசச் சந்தையில் டீசல் என்ன விலைக்குப் போகிறது, டாலருக்கு ரூபாய் எவ்வளவு என்பதைப் பார்த்துத்தான் கணக்கிடப்படுகிறது. கச்சா எண்ணெயைப் பெரும்பாலும் கப்பலில் இறக்குமதி செய்கிறோம். பக்கத்துத் தெருவில் காய்ச்சினாலும் சரக்கு வெளியூர்ச் சரக்குதான்.

அதன்மேல் மத்திய அரசின் கலால் வரி, டீலர் கமிஷன், மாநில வாட் வரி எல்லாம் ஏறும். தமிழ்நாட்டில் 2020 மே மாதம் டீசல் வாட் வரி 11 சதவீதமும் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும் என்று மாற்றப்பட்டது. இதில் ஒரு பகுதி நிலையான தொகை என்பதால், கச்சா எண்ணெய் எவ்வளவு இறங்கினாலும் பங்க் விலை அதே வேகத்தில் இறங்காது.

4. தினமும் விலை மாறும்னாங்க. மாசக்கணக்கா ஒரே விலை நிக்குதே? ஜி.எஸ்.டி.ல போட்டா குறையுமா?

2017 ஜூன் 16 முதல் நாடு முழுக்க தினமும் காலை 6 மணிக்கு விலை மாறும் முறை வந்தது. முறை இருக்கிறது, ஆனால் எண்ணெய் நிறுவனங்கள் விலையை நீண்டகாலம் அப்படியே நிறுத்தி வைத்ததும் உண்டு. 2022 மே மாதம் கலால் வரி டீசலுக்கு 6 ரூபாய் குறைந்த பிறகு, 2024 மார்ச் 15 அன்று 2 ரூபாய் குறையும்வரை கிட்டத்தட்ட அசைவே இல்லை.

ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1-ல் வந்தபோது கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல், விமான எரிபொருள், இயற்கை எரிவாயு ஐந்தும் வெளியே நிறுத்தப்பட்டன. உள்ளே கொண்டுவரும் தேதியை ஜி.எஸ்.டி. கவுன்சில்தான் பரிந்துரைக்க வேண்டும். இதில் ஓனருக்கு உள்ள நிஜமான வலி வேறு. டீசலுக்குக் கட்டிய வரியை வாடகை மேல் விழும் ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ள முடியாது. வண்டிக்கும் டயருக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. டீசல் கணக்கில் அப்படி எதுவும் நடக்கவில்லை.

5. டேங்க் எங்க ஃபுல் பண்றது லாபம்? ஆந்திரா உள்ள போயி அடிக்கலாமா?

வேண்டாம். ஆந்திராவில் டீசல் வரி அதிகம், விலையும் அதிகம். விஜயவாடா, கொல்கத்தா பக்கம் போகிறவர்கள் செங்குன்றம் தாண்டி எளாவூர் சோதனைச் சாவடிக்கு முன்பே நிரப்பிவிடுவதுதான் வழக்கம். 350 லிட்டர் டேங்க் இருந்தால் லோடோடு நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா தாண்டிவிடலாம். திரும்பும்போது எல்லைக்கு வர எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் அங்கே அடியுங்கள். கர்நாடகா பக்கம் இந்தக் கணக்கு வருடத்துக்கு வருடம் மாறுகிறது. அத்திப்பள்ளி தாண்டும் அன்று இரண்டு பக்க விலையையும் போனில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரே எச்சரிக்கை: ஐம்பது காசு குறைவு என்று தெரியாத பங்க்குக்கு 15 கி.மீ. சுற்றிப் போகாதீர்கள். அந்தச் சுற்றுக்கே நாலு லிட்டர் போய்விடும்.

6. விடியக்காத்தால அடிச்சா டீசல் அதிகமா வரும்ன்றாங்களே, நெசமா?

சூட்டில் டீசல் விரியும் என்பது உண்மை. 10 டிகிரிக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவாக விரியும். ஆனால் பங்க் தொட்டி மண்ணுக்கு அடியில் இருக்கிறது. மேலே சித்திரை வெயில் கொளுத்தினாலும் உள்ளே சூடு அவ்வளவு மாறாது. 300 லிட்டருக்கு ஒரு டீ காசுகூட மிஞ்சாது.

காசு போகிற இடம் அளவு. மீட்டர் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா என்று இறங்கிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் முத்திரை போட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 25 மில்லி வரை வித்தியாசம் அனுமதி. அதற்கு மேல் குறைந்தால் எடையளவுத் துறையில் புகார் கொடுக்கலாம். அன்றைய அடர்த்தி எண்ணையும் பங்க்கில் கேட்டுப் பார்க்கலாம்.

7. ஓனர் ஒரு மைலேஜ் சொல்றாரு, நமக்கு ஒண்ணு வருது. சரியான மைலேஜ எப்டி கண்டுபுடிக்கிறது?

டேங்க்குக்கு டேங்க் கணக்கு ஒன்றுதான் வழி. சமதளத்தில் உள்ள ஒரு பங்க்கைத் தேர்ந்தெடுங்கள். டீசல் ஊற்றும் துப்பாக்கி முதல் தடவை 'டக்' என்று நிற்கும்வரை நிரப்புங்கள், அதற்குமேல் அழுத்தி ஊற்ற வேண்டாம். ஓடோமீட்டரைப் போட்டோ எடுங்கள். டிரிப் முடித்து அதே பங்க், முடிந்தால் அதே துப்பாக்கி, அதே திசையில் வண்டியை நிறுத்தி மறுபடி முதல் 'டக்' வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை நிரம்பிய லிட்டரால் வகுங்கள். ஒரு டிரிப்பை நம்பாதீர்கள். மூன்று டிரிப்பாவது பார்த்துச் சராசரி எடுங்கள். லோடுக்கும் எம்டிக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். இரண்டையும் கலந்து "சராசரி நாலு" என்று பேசினால், லோடு அதிகம் ஓடிய மாதத்தில் ஓட்டுநர் தலையில்தான் விழும்.

கணக்கு தவறுவது பெரும்பாலும் நான்கு இடங்களில். வண்டி சரிவில் நின்றால் பத்து லிட்டர்கூட முன்பின் ஆகும். அளவு மாறிய டயர் போட்டால் ஓடோமீட்டர் பொய் சொல்லும். ஓனர் கூகுள் மேப் தூரத்தை எடுப்பார், நீங்கள் யார்டு, எடைமேடை, சுற்றுவழி எல்லாம் சேர்த்து ஓடியிருப்பீர்கள். நான்காவது, நின்றபடி எரிந்த டீசல். அது கிலோமீட்டரில் வராது, லிட்டரில் மட்டும் வரும். 9-வது கேள்வியைப் பாருங்கள்.

டேங்க்குக்குள் கம்பி சென்சார் வைத்திருந்தால் இன்னொரு சிக்கல். பாலம் ஏறும்போதும் பிரேக் அடிக்கும்போதும் டீசல் ஒரு பக்கம் சாய்ந்து, திரையில் "டீசல் இறங்கியது" என்று காட்டும். நிஜத் திருட்டு என்றால் வண்டி நின்றிருக்கும் நேரத்தில் கோடு செங்குத்தாக இறங்கி, பிறகு ஏறாமலே இருக்கும். சரிவில் வந்த பொய்க் கணக்கு சில நிமிடத்தில் பழைய அளவுக்குத் திரும்பிவிடும்.

8. இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்தானே?

பழைய பம்ப் வண்டிக் காலத்துப் பழக்கம் இது. இப்போதைய காமன் ரெயில் எஞ்சினில் நடப்பது நேர் எதிர். கியரில் இருந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் டீசலை முழுக்க நிறுத்திவிடும், சக்கரமே எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் எரிந்தே ஆக வேண்டும்.

மிச்சமும் இல்லை, எஞ்சின் பிரேக்கும் போச்சு. மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் டிரம் காய்ந்து பிடிக்காமல் போவதற்கு இதுதான் முதல் காரணம். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

9. ஜீரோ கேட்டுல வரிசைல நிக்கும்போது எவ்ளோ டீசல் போவும்? ஆஃப் பண்ணி பண்ணி ஸ்டார்ட் பண்ணா நல்லதா?

பெரிய டீசல் எஞ்சின் நின்ற இடத்தில் ஓடினால் மணிக்குச் சுமார் 2 லிட்டர். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் பத்து மணி நேரம் எஞ்சினை அணைக்காமல் இருந்தால் 20 லிட்டர், 92 ரூபாய்க் கணக்கில் 1,840 ரூபாய். பெங்களூர் டிரிப்பின் 170 லிட்டரில் இது ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல். லோடோடு லிட்டருக்கு 3.5 கொடுத்த வண்டி அன்றைக்கு 2.9 கொடுத்ததாகக் கணக்கு காட்டும். ஓட்டுநர் ஓட்டியதில் ஒரு குறையும் இருக்காது.

ஐந்து நிமிடத்துக்கு மேல் வரிசை அசையாது என்று தெரிந்தால் அணைத்துவிடுங்கள். நீண்ட ஓட்டம் முடித்து வந்தவுடனே மட்டும் இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிட்டு டர்போ ஆறிய பிறகு அணையுங்கள். வரிசையில் வண்டிக்கு வண்டி பத்தடி நகர்ந்து நகர்ந்து ஒட்டிக்கொண்டே போவதுதான் அதிகம் குடிக்கும். லோடு வண்டி ஒவ்வொரு முறையும் நின்ற இடத்திலிருந்து கிளம்புவது கிளட்ச்சையும் தின்னும். முன்னால் நாலு வண்டி இடைவெளி விழட்டும், பிறகு ஒரே மூச்சில் நகருங்கள். நடுவில் ஒருவன் நுழைவான் என்று பயம் வரும், அது நியாயம்தான். பக்கத்து வண்டிக்காரர்களோடு முன்கூட்டியே பேசிக்கொண்டால் பாதி தீரும்.

அணைத்துவைக்கும்போது காற்று அழுத்தம் குறைகிறதா என்று பாருங்கள். அரை மணியில் மானி வெகுவாக இறங்கினால் எங்கோ ஏர் கசிகிறது. அந்த வண்டியில் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், அதுவும் டீசல்தான்.

10. வரிசைல நின்னு நின்னு மஞ்ச லைட்டு எரியுது, வண்டி இழுக்க மாட்டேங்குது. இன்னாது அது?

பி.எஸ்.6 வண்டியில் (2020 ஏப்ரல் 1 முதல் வந்தவை) புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் இருக்கும். நெடுஞ்சாலையில் ஓடும் சூட்டில் அந்தக் கரி தானாக எரிந்து சுத்தமாகும். மணலி யார்டுக்கும் துறைமுகத்துக்கும் இடையே மட்டுமே ஊர்ந்து ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு வருவதே இல்லை. கரி சேரும், விளக்கு எரியும், பிறகு வண்டி தானே இழுவையைக் குறைத்துக்கொள்ளும்.

விளக்கு முதலில் எரியும்போதே நெடுஞ்சாலையில் அரை மணி ஒரே சீராக ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். இல்லையென்றால் வண்டியை நிறுத்தி, கரியை எரிக்கும் ரீஜெனரேஷன் பட்டனை அழுத்தி, முடியும்வரை எஞ்சினை ஓடவிட வேண்டும். அந்த நேரத்தில் சைலன்சர் பகுதி பல நூறு டிகிரிக்குப் போகும். காய்ந்த புல், குப்பை, தார்ப்பாய் பக்கம் கூடாது. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை எண்ணெய்க் கிடங்குகளின் உள்ளேயோ வாசலிலேயோ அறவே கூடாது. பாதியில் பாதியில் நிறுத்தினால் எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் ஏறிக்கொண்டே போனால் காரணம் இதுதான்.

11. யூரியா வாங்கி தண்ணில கரைச்சு ஊத்துனா ஆட்ப்ளூ ஆவாதா?

ஆகாது. ஆட்ப்ளூ என்பது பி.எஸ்.6 வண்டியில் புகையைச் சுத்தமாக்க ஊற்றும் திரவம். அது 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். வயலுக்குப் போடும் யூரியாவில் வேம்பெண்ணெய்ப் பூச்சு இருக்கும், நம்மூர் போர் தண்ணீரில் உப்பு இருக்கும். முதலில் ஊசி அடைக்கும், பிறகு புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிஸ்ட் போகும். மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்க்கு லட்சத்தில் பில் வரும்.

நூறு லிட்டர் டீசலுக்கு 4 முதல் 6 லிட்டர் வரை போகும். இந்தச் செலவை டிரிப் கணக்கில் தனி வரியாக எழுதுங்கள். "டீசல்" என்ற வரிக்குள் மறைத்தால் மைலேஜ்தான் குறைந்ததாகத் தெரியும்.

12. மைலேஜ் திடீர்னு விழுந்துடுச்சு. முதல்ல எத பாக்கறது?

காசில்லாமல் பார்க்கக்கூடியதிலிருந்து தொடங்குங்கள். டயர் காற்று: குளிர்ந்த நிலையில், டயர் கம்பெனி சொன்ன அளவுக்கு. சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்பது பஞ்சர் கண்டுபிடிக்கத்தான் உதவும், 20 பி.எஸ்.ஐ. குறைவை அது காட்டாது. அடுத்து, 30 கி.மீ. ஓட்டியபின் ஒவ்வொரு ஹப்பிலும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்தபடி ஓடுகிறது. டிரெய்லரில் இது அடிக்கடி நடக்கும், இழுவண்டி ஓட்டுபவருக்குத் தெரியாது.

மூன்றாவது ஏர் ஃபில்டர். எண்ணூர், மணலி பக்க நிலக்கரித் தூசியிலும் சாம்பலிலும் ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர் பொருந்தாது. அதற்கு முன்பே மாற்ற வேண்டியிருக்கும். காற்றுத் துப்பாக்கியால் உள்ளிருந்து ஓங்கி ஊதினால் காகிதம் கிழியும். டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள தண்ணீர் குமிழை வாரம் ஒருமுறை திறந்துவிடுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் மைலேஜ் வரவில்லை என்றால் அலைன்மென்ட், பிறகு இன்ஜெக்டர்.

13. ஏசி போட்டா டீசல் குடிக்கும்னு ஓனர் ஃபியூஸ கழட்டிட்டாரு. நியாயமா?

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் கேபினுக்கு ஏசி கட்டாயம். சட்டம் கேட்டது வெறும் பெட்டியை அல்ல. 200 குதிரைத்திறன் எஞ்சினில் ஏசி இழுப்பது சில குதிரைத்திறன்தான், ஓடும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. நிறுத்தி வைத்து ஏசிக்காகவே எஞ்சினை ஓட்டினால்தான் 9-வது பதிலில் சொன்ன மணிக்கு 2 லிட்டரும் அதற்கு மேலும் போகும். ஃபியூஸைக் கழற்றுவதைவிட, நிற்கும்போது எவ்வளவு நேரம் போடலாம் என்று பேசி முடிப்பது இருவருக்கும் நல்லது.

14. டிரிப் ஷீட்டுல இன்னா இன்னா எழுதணும்? ஹால்டிங் காசு எப்டி வாங்கறது?

கிளம்பும் முன் ஓடோமீட்டர், டேங்க் நிலவரம், வாங்கிய அட்வான்ஸ். வழியில் ஒவ்வொரு டீசல் பில்லும் லிட்டர், விலை, ஓடோமீட்டரோடு. டோல், ஆட்ப்ளூ, பஞ்சர், எடைமேடை, ஏற்றுகூலி இறக்குகூலி எல்லாம் தனித்தனி வரி. பெரும்பாலானவர்கள் இவ்வளவோடு நிறுத்திவிடுகிறார்கள்.

விட்டுப்போவது நேரம். வரிசையில் சேர்ந்த நேரம், கேட் உள்ளே போன நேரம், லோடு ஆகி வெளியே வந்த நேரம், பார்ட்டி கம்பெனி வாசலுக்குப் போன நேரம், இறக்கி முடித்த நேரம். இந்த ஐந்தும் இருந்தால் ஹால்டிங் (காத்திருந்ததற்கான காசு) கேட்கலாம், இல்லையென்றால் கெஞ்சத்தான் முடியும். கேட் பாஸில் நேரம் அச்சாகியிருக்கும், அதைப் போட்டோ எடுங்கள். கம்பெனியில் இறக்கும்போது எல்.ஆர். (லாரி ரசீது) பின்பக்கம் "வந்த நேரம் / விட்ட நேரம்" எழுதி அங்கே இருக்கும் ஆளிடம் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் அதே இடத்தில் நின்று வாட்ஸ்அப்பில் புக்கிங் ஆபீஸுக்கு ஒரு வரி அனுப்புங்கள். தேதியும் நேரமும் அதில் பதிந்துவிடும்.

எத்தனை மணி நேரம் இலவசம், அதன்பின் நாளுக்கு எவ்வளவு, அதில் ஓட்டுநருக்கு எவ்வளவு என்பதை லோடு எடுக்கும் முன்பே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பார்ட்டியிடம் ஹால்டிங் வாங்கிவிட்டு ஓட்டுநருக்குச் சொல்லாமல் விடும் பழக்கம் இந்தத் தொழிலில் நிறைய.

15. டீசல் காசு ஒரு தொகையா கையில குடுத்துடறாங்க. நடுவுல விலை ஏறிடுச்சுன்னா?

ரூபாயில் பேசாதீர்கள், லிட்டரில் பேசுங்கள். "பெங்களூருக்கு 15,000" என்று வாங்கினால் ஏறிய விலை உங்கள் தலையில். "பெங்களூர் போக வர 170 லிட்டர், வரிசையில் நின்றால் மணிக்கு 2 லிட்டர்" என்று வைத்தால் ஏறினாலும் இறங்கினாலும் ஓனர் கணக்கு. பங்க் கார்டு கொடுக்கும் ஓனர்களிடம் இந்தப் பேச்சு சுலபம். இறங்கும்போது மிச்சம் கிடைக்குமே என்று ரூபாயை விரும்புகிறவர்களும் உண்டு. விலை எத்தனை முறை இறங்கியது என்று 4-வது பதிலில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

16. வரிசைலயே ஈ-வே பில் டைம் முடிஞ்சிடுது. யாரு பொறுப்பு?

ஈ-வே பில் என்பது சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு. அது செல்லும் காலம் 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்பது கணக்கு. பகுதி 'பி'-யில் வண்டி எண் போட்டதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஆகவே வண்டி கிளம்பத் தயாரான பிறகே வண்டி எண்ணைப் போடச் சொல்லுங்கள். முதல் நாள் இரவே போட்டு வைத்தால் வரிசையிலேயே ஒரு நாள் கரையும். நேரம் முடிவதற்கு 8 மணி நேரம் முன்பிருந்து, முடிந்து 8 மணி நேரம் வரை, காரணம் சொல்லி நீட்டிக்கலாம். அதைச் செய்ய வேண்டியது டிரான்ஸ்போர்ட் ஆபீஸ், ஓட்டுநர் அல்ல. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு வண்டியை ஓரங்கட்டும்போது பதில் சொல்வது ஓட்டுநர் என்பதால், தேதியை நீங்களும் பார்த்து வையுங்கள்.

17. இந்த டீசல் விலைக்கு ரெண்டு டன் சேத்து ஏத்துனாதான் கட்டுப்படி ஆவும். ஏத்தலாமா?

2018 ஜூலையில் அனுமதி எடையே கூட்டப்பட்டது. 12 சக்கர வண்டிக்கு மொத்த எடை 31-லிருந்து 35 டன், டிரெய்லருக்கு 49-லிருந்து 55 டன் வரை. அதற்கும் மேல் ஏற்றினால் 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். இரண்டு டன்னுக்கு 24,000. மிச்ச லோடை இறக்கிவிட்டுத்தான் நகர முடியும், அந்தக் கூலி தனி. சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் இரும்புச் சுருள் (காயில்) ஏற்றுபவர்களுக்கு இன்னொன்று: எடை கூடும்போது மைலேஜும் குறையும், பிரேக் தூரமும் நீளும். லாபம் என்று நினைத்ததில் டீசலும் டயரும் முதலில் பங்கு கேட்கும்.

18. எங்க வீட்டுக்காரர் தூங்காம ரெண்டு நாள் ஓட்டிட்டு வராரு. இதுக்கு சட்டம்னு எதுவும் இல்லையா?

இருக்கிறது. 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. நெடுந்தூர வண்டிக்கு நாளுக்கு 10, வாரத்துக்கு 54 வரை இடம் கொடுத்தது. 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் அரை மணியாவது ஓய்வு. 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டம் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது.

பழைய சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. முனையத்தில் சும்மா காத்திருப்பதில் 15 நிமிடத்துக்குக் குறைவானதைத்தான் அது பெயர் சொல்லி வேலை நேரத்தில் சேர்த்தது. பத்து மணி நேரம் வரிசையில் நிற்பது பற்றி அந்த வரியில் பேச்சே இல்லை. வரிசையில் நின்றதை ஓய்வு என்று எழுதிவிட்டு, உள்ளே போய் லோடு எடுத்ததும் "கிளம்பு" என்பார்கள். வண்டியை நகர்த்திக்கொண்டே இருந்தவர் தூங்கியிருக்க முடியாது. 14-வது பதிலில் சொன்ன ஐந்து நேரங்கள் இதற்கும் சாட்சி.

வீட்டிலிருந்து செய்யக்கூடியது ஒன்று உண்டு. விடியற்காலை 2 முதல் 5 வரை கண் அசரும் நேரம். அந்த நேரத்தில் வண்டி நிற்க வேண்டும் என்று பேசி வையுங்கள். டீயும் பாக்கும் தூக்கத்தைத் தள்ளிப்போடும், தீர்க்காது.

19. சொந்தமா ஒரே ஒரு வண்டி வெச்சிருக்கேன். டீசல் ஏத்தத்த பார்ட்டிகிட்ட எப்டி கேக்கறது?

"டீசல் ஏறிப்போச்சு சார்" என்று கேட்டால் அடுத்த வண்டியைக் கூப்பிடுவார். லோடு ஒப்புக்கொள்ளும் அன்றே தாளில் மூன்று விஷயம் எழுதுங்கள்: இன்றைய டீசல் விலை, இந்த லைனுக்கு எத்தனை லிட்டர், எந்தத் தேதியின் விலையைப் பார்ப்பது. விலை மாறினால் வித்தியாசத்தை லிட்டரால் பெருக்கி வாடகையில் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். 92 ரூபாய் 96 ஆனால் 4 பெருக்கல் 170, ஆக 680 ரூபாய். குறைந்தால் நீங்களும் குறைக்க வேண்டும். அதைச் சேர்த்து எழுதினால்தான் பார்ட்டி கையெழுத்துப் போடுவார்.

ஒரு முறை லோடுக்குப் புரோக்கர் மூலம் போகும்போது இது நடக்காது. மாதாமாதம் ஓடும் லைனுக்கு நடக்கும். எம்டியாகத் திரும்பும் 70 லிட்டரையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். சின்ன ஓனர்கள் கோட்டைவிடுவது அங்கேதான்.

20. எல்.என்.ஜி. வண்டி எடுக்கலாமா? எண்ணூர்லயே டெர்மினல் இருக்கே.

எண்ணூரில் 2019-ல் எல்.என்.ஜி. (திரவமாக்கிய இயற்கை எரிவாயு) முனையம் திறக்கப்பட்டது உண்மை. ஆனால் வண்டிக்கு வேண்டியது முனையம் அல்ல, போகும் வழியெல்லாம் பங்க். ஒரே லைனில் போய் வரும் பெரிய கம்பெனிகளுக்குச் சரிப்படும். இன்று விஜயவாடா, நாளை கோயம்புத்தூர் என்று கிடைத்த லோடுக்கு ஓடும் ஒற்றை வண்டிக்காரருக்கு இப்போதைக்கு வேண்டாம். எல்.என்.ஜி. மைனஸ் 162 டிகிரிக் குளிரில் இருக்கும் திரவம். வண்டி பல நாள் சும்மா நின்றால் கொஞ்சம் கொஞ்சமாக வாயுவாகி அழுத்தம் ஏறும், வீணாகும்.

21. வண்டி இன்சூரன்ஸ்ல டிரைவருக்கு எதாச்சும் இருக்கா?

பாலிசித் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சம்பள ஓட்டுநருக்கான சட்டப் பொறுப்பு என்று ஒரு வரி, ஆளுக்கு 50 ரூபாய் பிரீமியத்தில் இருக்க வேண்டும். கிளீனர் போனால் அவருக்கும் சேர்த்து. அந்த வரி இருந்தால் விபத்து இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும், இல்லையென்றால் ஓனரைத் துரத்த வேண்டி வரலாம். 15 லட்சம் என்று போட்டிருப்பது ஓட்டும் உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு, சம்பள ஓட்டுநருக்கு அது வராது.

இதோடு தொழிலாளர் துறையின் ஓட்டுநர் நலவாரியத்திலும் பதிவு செய்யுங்கள். ஆதார், உரிமம், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் போதும். டேங்கர் ஓட்டுபவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: ஆபத்தான சரக்குக்கான உரிமம் 3 வருடம்தான் செல்லும், புதுப்பிக்க ஒரு நாள் பயிற்சி வேண்டும். அது காலாவதியான நிலையில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பிடிப்பது அதைத்தான்.

22. டீசல் வித்துட்டேன்னு சொல்லி படிய புடிச்சிக்கினு, லைசென்ஸையும் வாங்கி வெச்சிக்கினாரு. இன்னா பண்றது?

இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். உங்கள் ஓட்டுநர் உரிமத்தைப் பிடித்து வைக்க எந்த ஓனருக்கும் உரிமை கிடையாது. டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாகனில் உள்ள உரிமம் சோதனையின்போது செல்லும் என்பதால், வேலை நிற்காது. அசலைத் திருப்பிக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். இரண்டு நாளில் தரவில்லை என்றால் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் எழுத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

டீசல் பழிக்குப் பதில் வாய்ச்சண்டை அல்ல, தாள். 7-வது பதிலில் சொன்ன டேங்க் கணக்கு, 9-ல் சொன்ன நின்ற நேரம், 14-ல் சொன்ன டிரிப் ஷீட் மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: ஓடிய கி.மீ., லோடுக்கு இத்தனை லிட்டர், எம்டிக்கு இத்தனை, வரிசையில் இத்தனை மணிக்கு இத்தனை. கூட்டினால் பெரும்பாலும் "காணாமல் போன" லிட்டர் வரிசையில் எரிந்ததாகத் தெரியும். சென்சார் வைத்த வண்டி என்றால் அந்த நாளின் வரைபடத்தைக் கேளுங்கள். அதையும் மீறிப் பணம் தராவிட்டால், பிடித்த தொகை, தேதி, டிரிப் விவரத்தோடு தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். அசல் பில்களைக் கொடுக்காதீர்கள், நகல் போதும். மனுவின் ஒரு பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.